இஸ்திரிப் பெட்டியால் ஒரு குடும்பச் சட்டை
(பத்தாம் வகுப்பு மாணவி)

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது பழமொழி. கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் எங்கள் உறவினர் ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று ஒன்று கூடுவது வழக்கம். அதே நாளில் மலைமேல் வல்வில் ஓரி விழாவும் நடைபெறும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரி ஆண்ட மலையல்லவா!

இக்காலத்தில் குடும்ப விழாக்களில் அனைவரும் ஒரே மாதிரி உடுத்துகின்றனர். காண அழகுதான். ஆனால் ஓராண்டு பெண்கள் எல்லோரும் ஒரே நிறப் பட்டுச் சேலை எடுப்பதென்று முடிவாயிற்று. கூலி வேலைக்குச் செல்லும் சித்தி ஒருவரின் வீட்டார் அவ்வாண்டு வரவில்லை. காரணத்தை அவர்கள் சொல்லவில்லை, சொல்லாமலே விளங்கிற்று. ஆகவே பிள்ளைகளாகிய நாங்கள், எல்லோருக்கும் கட்டுப்படியாகும் உடையை வீட்டிலேயே செய்வதென்று தீர்மானித்தோம். வெள்ளைப் பனியன் சட்டையில் இஸ்திரிப் பெட்டியால் படம் பதிப்பதே அந்த வழி. தோழியரே, அதன் முறையையும் அதிலுள்ள அறிவியலையும் கேளுங்கள்.

முதலில் துணி. பருத்தித் துணியே சிறந்தது. அது அதிக வெப்பத்தைத் தாங்கும். பாலியெஸ்டர் அதே வெப்பத்தில் பளபளத்துச் சுருங்கிவிடக்கூடும். திருப்பூர்ப் பனியன் சட்டைகள் நம் ஊர்ச் சந்தையிலேயே கிடைக்கின்றன. புதுச் சட்டையை ஒருமுறை துவைத்து உலர்த்த வேண்டும். கஞ்சி நீங்கும், சுருங்க வேண்டிய அளவும் முன்னரே சுருங்கிவிடும்.

அடுத்தது படம் மாற்றும் தாள். காகிதத்தின்மேல் வழுக்கும் பூச்சும், அதன்மேல் வெப்பத்தில் உருகும் மெல்லிய பிளாஸ்டிக் படலமும் இருக்கும். மை அப்படலத்தில்தான் படிகிறது. சூடு பட்டதும் படலம் உருகி நூலிழைகளுக்குள் இறங்கும். ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இங்க்ஜெட் அச்சுக்கு ஒரு தாள், லேசர் அச்சுக்கு வேறு தாள். மாற்றிப் போட்டால் லேசர் பொறியின் சூட்டில் தாள் உள்ளேயே உருகி ஒட்டிவிடும். ஆதலால் அச்சிடும் கடையில் முதலில் கேட்டறிவது நலம்.

கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஒரே கோடாக வரைந்து, உச்சியில் ஒரு வில்லை வைத்தோம். வெளிர்நிறத் துணிக்குரிய தாளில் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி அச்சிட வேண்டும். கவிழ்த்து ஒட்டும்போது எழுத்துகள் நேராகும். அடர்நிறத் துணிக்கு வெள்ளை அடித்தளமுள்ள தாள் தனியே உண்டு. அதில் மாற்ற வேண்டியதில்லை. ஏ-4 தாள் ஒன்றில் பெரியவர் சட்டைக்கு ஒரு படமோ, குழந்தைகளுக்கு இரண்டு படங்களோ அடங்கும். விளிம்பை ஒட்டிக் கத்தரிக்காவிட்டால் படத்தைச் சுற்றிப் படலம் கறைபோல் தெரியும். இந்த நுட்பமான வேலையை, பூக்கட்டிப் பழகிய விரல்களையுடைய அந்தச் சித்தியே செய்து தந்தார். அவரளவு நேர்த்தி எங்களில் எவருக்கும் வரவில்லை.

இனி இஸ்திரி. பெட்டியில் தண்ணீர் இருக்கக் கூடாது. நீராவி படலத்தைப் பிடிக்கவிடாது. குமிழைப் பருத்தி அளவில் வைக்க வேண்டும். துணிச்சீட்டில் மூன்று புள்ளிகள் இருந்தால் 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று பொருள். இரண்டு புள்ளிகளுக்கு 150, ஒன்றுக்கு 110. பெட்டிக்குள் இரு உலோகங்கள் ஒட்டிய பட்டை ஒன்று உண்டு. சூட்டில் ஒன்று மற்றதைவிட அதிகம் விரிவதால் பட்டை வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறியதும் நிமிர்ந்து மீண்டும் இணைக்கும். கரிப் பெட்டியில் இந்த வசதி இல்லாததால் இவ்வேலைக்கு அது ஏற்றதன்று.

கட்டிலும் மெத்தையும் உதவா. மரப்பலகையில் பருத்தித் துணி ஒன்றை விரித்து, அதன்மேல் சட்டையைச் சுருக்கமின்றிப் பரப்பி, தாளைக் கவிழ்த்து வையுங்கள். பெட்டியை இழுக்காமல், ஒவ்வோர் இடத்திலும் 15 முதல் 20 விநாடி அழுத்தித் தூக்கி வையுங்கள். ஓரங்களையும் மூலைகளையும் மறவாதீர்கள். தாளைச் சூடாக உரிப்பதா, ஆறவிட்டு உரிப்பதா என்பது அதன் உறையில் எழுதியிருக்கும். பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது அவசியம்.

பாட்டிமார் பனியன் சட்டை அணிவார்களா? அவர்களுக்காக மஞ்சள் துணிப்பையில் அதே படத்தைப் பதித்தோம். தாளில் வெள்ளை மை இல்லாததால் வெண்மையான இடங்களில் பையின் மஞ்சளே தெரிந்தது. அதுவும் ஓர் அழகே. தமிழக அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியதையும் இங்கு நினைவுகூரலாம்.

பதித்த சட்டையை ஒரு நாள் கழித்தே துவைக்க வேண்டும். உட்புறம் திருப்பி, குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். துவைக்கும் கல்லில் அடிக்கக் கூடாது. படத்தின்மேல் நேராக இஸ்திரி போடவும் கூடாது.

எங்கள் வீட்டில் வசதியுள்ளோர் சட்டை வாங்கினர். மற்றோர் உழைப்பைத் தந்தனர். யார் எதைத் தந்தார் என்று சட்டை சொல்லாது. ஒரே உடை என்பது உறவைக் கூட்டுவதற்கேயன்றி, இயலாதவரை வெளியே நிறுத்துவதற்கன்று. அடுத்த விழாவிற்கு உடை குறிக்கும் முன், எல்லோராலும் இது இயலுமா என்று முதலில் கேட்போமாக!