வாசல்வரை வந்த கம்பி

ஜொகூரின் வடக்கே ஒரு தாமான். என் உறவினர் வீட்டுக்கு இணைய இணைப்புக் கொடுக்க ஒருவர் வந்தார். ஏணி போட்டுக் கம்பத்தில் ஏறினார், கறுப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார், இறங்கினார். "போர்ட் பெனோ" என்றார். பெட்டியில் இடமில்லையாம். எப்போது கிடைக்கும் என்றதற்கு, "இந்த வரிசையில் யாராவது லைனை வெட்டினால்தான்" என்றார். ஒரு துண்டுச் சீட்டுகூடத் தராமல் வேனில் ஏறிப் போய்விட்டார்.

எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. வாசலைக் கம்பி கடந்துவிட்டதால், ஏட்டில் அது வசதி எட்டிய வீடு.

2008 செப்டம்பர் 16 அன்று மத்திய அரசும் டெலிகோம் மலேசியாவும் அதிவேக பிராட்பேண்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 11.3 பில்லியன் ரிங்கிட் திட்டம், அதில் 2.4 பில்லியன் மக்கள் பணம். 2012 முடிவுக்குள் 13 லட்சம் வீடுகளையும் கடைகளையும் எட்ட வேண்டும் என்பது இலக்கு. சொன்னபடி எட்டிவிட்டார்கள், அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த 13 லட்சமும் கம்பி "கடந்த" கட்டடங்களின் எண்ணிக்கை. உள்ளே எத்தனை பேருக்கு இணைப்புக் கிடைத்தது என்பது வேறு கணக்கு. 2020 ஆகஸ்டில் அறிவித்த ஜெண்டேலா திட்டம், 2022 முடிவுக்குள் 75 லட்சம் கட்டடங்கள் என்று இலக்கு வைத்தது. அதிலும் எண்ணப்பட்டவை கம்பி கடந்த கட்டடங்கள்தாம். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்த வீடுகளை எண்ணிவிட்டு, அத்தனை பேரும் பந்தியில் சாப்பிட்டார்கள் என்று சொல்வதுபோல.

எங்கே முதலில் என்பதையும் அந்த ஒப்பந்தமே முடிவு செய்தது. பொருளாதாரப் பலன் அதிகமுள்ள பகுதிகளுக்கு முதலிடம். கிள்ளான் பள்ளத்தாக்கு ஒன்று, இஸ்கந்தார் மலேசியா மற்றொன்று. ஜொகூரின் பத்து மாவட்டங்களில் அன்று இஸ்கந்தாருக்குள் வந்தவை ஜொகூர் பாரு, கூலாய், பொந்தியானில் ஒரு பகுதி, அவ்வளவுதான். சிகாமட்டும் மெர்சிங்கும் அந்தக் கோட்டுக்கு வெளியே. புறநகர்களுக்கும் சிற்றூர்களுக்கும் என்று தனி ஒப்பந்தம் 2015 டிசம்பரில்தான் வந்தது. அதுவும் பெரும்பாலும் பழைய செப்புக் கம்பியையே முடுக்கிவிடும் வேலை.

சரி, சிகாமட் நகராண்மைக் கழகம் நிறுவனத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கக் கூடாதா? கேட்கலாம். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி தொலைத்தொடர்பு மத்திய அரசின் அதிகாரம், ஊராட்சி மாநிலத்தினுடையது. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ் தனி உரிமம் வழங்குபவர் அமைச்சர். சாலையைத் தோண்டவும் கோபுரம் நடவும் அனுமதி தருவதுதான் ஊர் மன்றத்தின் கையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் அதன் கையெழுத்தே கிடையாது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. கேபிள் நிறுவனத்துக்கு உரிமம் கொடுப்பது பல இடங்களில் ஊர்தான். வருவாயில் 5 விழுக்காடு வரை ஊர் கட்டணமாக வாங்கலாம் என்கிறது 1984ஆம் ஆண்டின் கேபிள் சட்டம். உரிமம் முடிய மூன்று ஆண்டு இருக்கும்போதே புதுப்பிப்புப் பேச்சு தொடங்கிவிடும். இதைப் படித்துப் பெருமூச்சு விடுவதற்கு முன் அதே சட்டத்தின் இன்னொரு விதியையும் படிக்க வேண்டும். வாக்கை நிறுவனம் காப்பாற்றவில்லை என்ற காரணத்துக்காகப் புதுப்பிக்க மறுக்க வேண்டுமானால், அந்தக் குறையை ஊர் முன்பே அறிவித்து, சரிசெய்ய வாய்ப்பும் கொடுத்திருக்க வேண்டும். குறை தெரிந்தும் வாய்மூடி இருந்த ஊர், கடைசி நாளில் அதைக் காரணம் காட்ட முடியாது.

வாய்மூடி இருப்பதன் விலை ஜொகூருக்குப் புதிதல்ல. சிங்கப்பூருடனான 1962 தண்ணீர் ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 25 கோடி கேலன் எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு 3 சென். சுத்திகரித்த நீரை ஜொகூர் 50 சென்னுக்குத் திரும்ப வாங்குகிறது. 25 ஆண்டு கழிந்தபின் விலையை மறுஆய்வு செய்யலாம் என்று ஒப்பந்தமே சொல்கிறது. 1987 வந்தது, போனது, கோலாலம்பூர் கேட்கவில்லை. நம் விலையைக் கூட்டினால் நாம் திரும்ப வாங்கும் நீரின் விலையும் ஏறும் என்று அப்போது போட்ட கணக்கு அது. பின்னாளில் கேட்டபோது, அந்த உரிமை 1987லேயே போய்விட்டது என்றது சிங்கப்பூர். "கழிந்தபின்" என்றால் எப்போது வேண்டுமானாலும் என்றுதானே பொருள் என்கிறது மலேசியா. வழக்கறிஞர்களுக்கு அது நல்ல வேலை. விலை இன்னும் 3 சென், ஒப்பந்தம் 2061 வரை.

தண்ணீர் ஒப்பந்தத்திலாவது அரசாங்கங்கள் எதிரெதிரே உட்கார்ந்தன. தாமானில் இருப்பவருக்கு அந்த நாற்காலியும் இல்லை. அவரிடம் இருக்கக்கூடியது பதிவு ஒன்றுதான். புகாரை முதலில் நிறுவனத்திடம் கொடுத்து எண் வாங்க வேண்டும். தீரவில்லையென்றால் அந்த எண்ணோடு தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கோ பயனீட்டாளர் மன்றத்துக்கோ போக வேண்டும். கம்பத்தடியில் சொன்ன "போர்ட் பெனோ" எந்த ஏட்டிலும் ஏறாது. உரிமம் புதுப்பிக்கும் மேசைக்கு அந்தத் தெருவைப் பற்றி ஒரு தாளும் போகாது. புகார் இல்லாத தெரு குறையில்லாத தெருவாகவே அங்கே தெரியும்.

இரண்டாம் முறை ஆள் வந்தபோது உறவினர் ஏணியடியிலேயே நின்றார். திறந்த பெட்டியைக் கைப்பேசியில் படம் எடுத்தார். தேதி, வீட்டு எண், புகார் எண் மூன்றையும் எழுதி அனுப்பினார். வந்தவருக்கு அது பிடிக்கவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி மட்டும் வாசலுக்கு வந்து, "தம்பி, எங்க வீட்டுக்கும் சேர்த்து எழுதிடு" என்றார்.