ஓட்டல் வேலைக்குப் பேட்டியா? பயம் வேண்டாம்!

பல்லாவரத்தில் எலெக்டிரிக் ரெயில் ஏறினால் அடுத்த நிலையம் திரிசூலம். எதிரே விமான நிலையம். அங்கிருந்து கிண்டி வரை பெரிய பெரிய ஓட்டல்கள். 2012-ம் ஆண்டில் கிண்டியில் திறக்கப்பட்ட ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஓட்டலில் மட்டும் 600 அறைகள்!

600 அறைகளைத் துடைக்க வேண்டும். படுக்கை விரிக்க வேண்டும். சமைக்க வேண்டும். பரிமாற வேண்டும். எத்தனை கைகள் தேவை, பாருங்கள்!

பக்கத்திலேயே வேலை இருக்கிறது. ஆனால் வீட்டில் பேச்சை எடுத்தால் போதும். "படித்துவிட்டு எச்சில் தட்டு எடுப்பதா?" என்பார் அப்பா. "ராத்திரி வேலையாமே!" என்பார் அம்மா.

அம்மாவின் கவலை நியாயமானது. அதைப் பிறகு பார்ப்போம். அப்பாவுக்கு ஓர் உண்மைக் கதை.

50 ரூபாய் குமாஸ்தா

1922-ம் ஆண்டு. மோகன் சிங் ஒபராய் என்ற பஞ்சாபி வாலிபர் வேலை தேடி சிம்லாவுக்கு வந்தார். கையில் காசு இல்லை. செசில் என்ற பெரிய ஓட்டலில் நுழைந்து வேலை கேட்டார். குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 50 ரூபாய்.

1934-ல் மனைவியின் நகைகளையும் அடகு வைத்து, அதே ஊரில் கிளார்க்ஸ் என்ற ஓட்டலை வாங்கினார். பின்னர் செசில் ஓட்டலே அவர் கைக்கு வந்தது! மீனம்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் டிரைடென்ட் ஓட்டல் அவருடைய குழுமத்தைச் சேர்ந்ததுதான்.

எல்லோரும் ஓட்டல் அதிபர் ஆகிவிட முடியாது. ஆனால் கீழ்ப்படியில் கால் வைப்பது இந்தத் தொழிலில் அவமானம் இல்லை.

வாசலிலேயே பேட்டி

மேனேஜர் அறையில்தான் பேட்டி தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வாசலிலேயே தொடங்கிவிடுகிறது! காவலாளிக்கு வணக்கம் சொல்கிறாரா? காத்திருக்கும்போது ஒழுங்காக உட்காருகிறாரா? யாராவது கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

நகம் வெட்டியிருக்க வேண்டும். சட்டை இஸ்திரி போட்டிருக்க வேண்டும். புதுச் சட்டை தேவை இல்லை. வெயிலில் வியர்த்துக் கொட்டும். அரை மணி நேரம் முன்னதாகப் போய் முகம் கழுவிக்கொள்ளலாம். அதற்காக சென்ட்டை அள்ளித் தெளிக்க வேண்டாம். சாப்பாட்டு மணத்தோடு அது சண்டை போடும்!

வரவேற்பு மேஜை வேலைக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிய வேண்டும். சமையல் கூடத்துக்கும் அறைப் பராமரிப்புக்கும் அந்த அளவு வேண்டாம். கேள்வி புரியாவிட்டால், "மறுபடியும் சொல்லுங்கள் சார்" என்று கேட்கலாம். புரிந்ததுபோல் தலையாட்டுவதுதான் ஆபத்து.

"அனுபவம் உண்டா?"

இந்தக் கேள்வியில்தான் பலர் விழிக்கிறார்கள். "இல்லை" என்று சொல்லித் தலை குனிகிறார்கள்.

கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியது இல்லையா? யார் இலையில் சாதம் தீர்ந்தது, எந்தத் தாத்தாவுக்கு ரசம் வேண்டும், எந்தக் குழந்தைக்குக் காரம் ஆகாது என்று கேட்காமலே கவனித்தது இல்லையா? அதுவும் ஓர் அனுபவம்தான். அதைத் தயங்காமல் சொல்லலாம். செய்யாததைச் செய்ததாகச் சொல்லக்கூடாது. அடுத்த கேள்வியிலேயே குட்டு உடைந்துவிடும்!

இன்னொரு கேள்வியும் வரும். "சாப்பாடு ஆறிப்போய்விட்டது என்று விருந்தாளி சத்தம் போடுகிறார். என்ன செய்வீர்கள்?"

"அது சமையல்காரர் தவறு" என்றால் வேலை போச்சு! முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். தட்டை எடுக்க வேண்டும். சூடாக வேறு கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல வேண்டும். மேலதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். "பில் வேண்டாம் சார்" என்று தாராளம் காட்டக்கூடாது. அந்த அதிகாரம் புது ஆளுக்கு இல்லை.

இதை வீட்டிலேயே பழகலாம். ஒரு தட்டில் ஆறு டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். கோபக்கார விருந்தாளியாக அப்பா நடிக்கட்டும். அவருக்கு அது கஷ்டமாக இருக்காது!

முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்குத் தரமணியில் மத்திய அரசின் ஓட்டல் நிர்வாகக் கல்லூரி இருக்கிறது.

பணம் கேட்டால்?

"ஏர்போர்ட் பக்கம் ஓட்டலில் வேலை; டெபாசிட் கட்டு" என்று யாராவது சொன்னால் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். ஓட்டலுக்கே நேரில் போய் விசாரியுங்கள். அசல் சான்றிதழைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது.

இனி அம்மாவின் கவலை. ஓட்டலுக்கு இரவு கிடையாது. இரவு வேலை வரத்தான் செய்யும். பேட்டி முடிவில், "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். அப்போது வாய் மூடி இருக்கக்கூடாது. வேலை எத்தனை மணிக்கு முடியும்? வாரத்தில் எந்த நாள் விடுமுறை? கடைசி ரெயில் போய்விட்டால் ஓட்டல் வண்டி உண்டா? அது வீட்டு வாசல் வரை வருமா, மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுமா?

பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுக்கட்டும்.