கால் கணுவை எண்ணினால் போதுமா?

எட்டுக் கால், பொட்டு மாதிரி உடம்பு. பார்த்ததும் 'சிலந்தி' என்றுதான் சொல்வோம். ஆனால், ஹார்வெஸ்ட்மேன் சிலந்தி அல்ல. விஷம் கிடையாது, வலை பின்னவும் தெரியாது. சிலந்திக்கு இருக்கும் ஒடுங்கிய இடுப்பும் இல்லை. இதுவரை 6,500-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் தெரியவந்திருக்கின்றன.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொல்லில் பெயர். முதல் சொல் பேரினம். நம் இனிஷியல் மாதிரி, 'இது யார் வீட்டுப் பிள்ளை' என்று சொல்வது அதுதான்.

இந்தப் பெயர்களில் பலவற்றை வைத்தவர் ஜெர்மனியின் கார்ல் பிரீட்ரிக் ரோவர் (1881-1963). அவர் வழி எளிது. கால் நுனியில் இருக்கும் குட்டிக் கணுக்களை எண்ணுவார்; முதுகு முள்ளைப் பார்ப்பார். கணக்கு மாறினால் புதுப் பேரினம்! இப்படியே ஒரே ஒரு சிற்றினம் மட்டும் உள்ள பேரினங்கள் குவிந்துவிட்டன.

பின்னால் வந்தவர்கள் மறுபடி எண்ணிப் பார்த்தார்கள். ஒரே சிற்றினத்திலேயே கணுக்களின் எண்ணிக்கை மாறியது. சில சமயம் ஒரே உயிரின் வலது காலுக்கும் இடது காலுக்கும்கூடக் கணக்கு ஒத்துப்போகவில்லை. செருப்பு சைஸ் வேறு என்பதற்காக அண்ணன் தம்பியைப் பிரித்து வைத்த கதைதான். ரோவர் உருவாக்கிய பல பேரினங்கள் இன்று கலைக்கப்பட்டு, மற்றவற்றோடு சேர்க்கப்பட்டுவிட்டன.

இப்போது புதுப் பேரினம் என்று அறிவிப்பது லேசல்ல. ஆணின் இனப்பெருக்க உறுப்பை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்கிறார்கள், டி.என்.ஏ-வையும் ஒப்பிடுகிறார்கள். 'இந்தப் பேரினத்துக்கு அடையாளம் இதுதான்' என்று ஒரு சிற்றினத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். மாதிரி உடல் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கும். நாளை யாருக்கு சந்தேகம் வந்தாலும் எடுத்துப் பார்க்கலாம்.

பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலக் குகைகளில் கிடைத்து, 2015-ல் அறிவிக்கப்பட்ட ஒன்றுக்குக் கண்ணே இல்லை. வெளிறிய மஞ்சள் உடம்பு. ரோவர் காலமாக இருந்தால் அதற்குத் தனிப் பேரினமே கிடைத்திருக்கலாம். ஆய்வாளர்கள் அவசரப்படவில்லை. ஏற்கெனவே இருந்த 'இயாண்டுமோமா' பேரினத்திலேயே சேர்த்து, 'ஸ்மீகல்' என்று பெயரிட்டார்கள். 'லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் இருட்டுக் குகையில் வாழும் கோலமின் இயற்பெயர் அது.

விளையாட்டாகத் தெரியலாம். ஆனால், அந்தக் குகைகள் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிக்கு வெளியே இருக்கின்றன. மேலே காடு அழிந்தால் உள்ளே இருக்கும் உயிருக்கும் ஆபத்து. அழியும் உயிர்களின் பட்டியலில் இடம்பிடிக்க முதலில் ஒரு பெயர் வேண்டும். ஸ்மீகலுக்கு அது கிடைத்துவிட்டது.