கூடத்துத் தரையில் பிறந்த பாடற்குழு

பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு நகரத்திற்கு வந்த குடும்பங்கள் நமக்குள் அநேகம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தித் தோட்டத்தில் வளர்ந்த கறுப்பின இளைஞர் ரோபக் ஸ்டேப்பிள்ஸ், 1936-ல் சிகாகோ நகருக்கு வந்ததும் அவ்வாறே. மனைவி ஓசியோலாவும் பிள்ளைகளும் பின்னர் வந்து சேர்ந்தனர். எஃகு ஆலையில் உழைத்துக்கொண்டே அவர் ஒரு பாடற்குழுவிலும் பாடிவந்தார். குழுவினரோ பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை. (நம் சபைப் பாடற்குழுத் தலைவர்களுக்கு இத்துயரம் புதிதன்று!) மனம் சலித்த அவர், கிளியோத்தா, பர்விஸ், யுவோன், மேவிஸ் என்னும் தம் பிள்ளைகளை வீட்டுக் கூடத்துத் தரையில் அமர்த்தி, கித்தாரின் தந்திகளை மீட்டி, இன்னாருக்கு இன்ன சுரம் என்று பழக்கினார். 1948-ல் 'ஸ்டேப்பிள் சிங்கர்ஸ்' குடும்பம் ஆலயங்களில் பாடத் தொடங்கியபோது மேவிஸுக்குப் பத்து வயதும் நிரம்பவில்லை.

1956-ல் வந்த இசைத்தட்டு அவர்களை நாடறியச் செய்தது. அந்தக் கனத்த குரல் பதினேழு வயதுப் பெண்ணுடையது என்பதைப் பலர் நம்பவில்லை. அழைப்புகள் குவிந்தன. ஆயினும், 1957-ல் மேவிஸ் பள்ளிப்படிப்பை முடிக்கும்வரை தகப்பனார் முழுநேரப் பயணத்திற்கு இணங்கவில்லை. அவர்கள் பெற்ற புகழிலும் இதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

பின்னர் மார்ட்டின் லூதர் கிங்கின் செய்தியைக் கேட்டு, அவர் பிரசங்கிப்பதை நாம் பாடலாம் என்றார் தகப்பனார். அது முதல் நீதிக்காகவும் சமத்துவத்திற்காகவும் பாடினர். 1968-ல் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தனர்; 1972-ல் அவர்களுடைய பாடல் நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 'உலகத்தோடு ஒத்துப்போய்விட்டார்கள்' என்று சபையார் சிலர் முறுமுறுத்தனர். தேவனைக் குறித்தே பாடுகிறோம் என்பது குடும்பத்தாரின் பதில். அந்தப் பாடலைப் பொறுத்தமட்டில் அப்பதில் எனக்கு ஏற்புடையதே. 1975-ல் பாடிய திரைப்படக் காதல் பாடலுக்கு அப்படிச் சொல்ல இயலாது. தகப்பனாரே அதைப் பாட முதலில் மறுத்தார்.

அவர் 2000 டிசம்பரில் காலமானார். முடிவுறாத தம் கடைசிப் பதிவுகளை மேவிஸிடம் ஒப்புவித்து, இதைத் தொலைத்துவிடாதே என்று சொல்லியிருந்தார். மகள் அதைக் காத்துவைத்து 2015-ல் வெளியிட்டார்.