மடக்கின்வழி இலக்கணம் பயிற்றல்: திருவரங்கம், திரிசிராமலை அந்தாதிகளை முன்வைத்து

முன்னுரை

இளங்கலைத் தமிழ்ப் பாடத்திட்டங்களில் நன்னூலும் தண்டியலங்காரமும் பெரும்பாலும் தனித்தனித் தாள்களாக அமைகின்றன. அணியின் வரையறையை ஒப்பிக்கும் மாணவர் பலர், செய்யுளில் அவ்வணி எவ்வாறு அமைந்துள்ளது என்பதை விளக்க இடர்ப்படுகின்றனர். சொல்லணிக்குச் சொல்லிலக்கணமே வாயில் என்பதைத் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் சார்ந்த இரு யமக அந்தாதிகளை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

கலைச்சொல் மயக்கம்

வேற்றுமை என்பது சொல்லதிகாரத்தில் பெயர்ப்பொருளை வேறுபடுத்துவது. அணியிலக்கணத்தில் ஒப்புடைய இரு பொருள்களிடையே வேறுபாடு காட்டும் அணி. ‘மலர்முகம்’ என்பது உவமைத்தொகை. அச்சொற்களே ‘முகமலர்’ என நின்றால் உருவகம். எனவே தொகையை விரிக்கத் தெரியாதவர்க்கு உவமையும் உருவகமும் வெறும் பெயர்களாகவே நின்றுவிடுகின்றன.

இரு அந்தாதிகள்

பிள்ளைப்பெருமாள் ஐயங்காரின் எட்டு நூல்களின் தொகுதி அட்டப்பிரபந்தம். அதனைக் கற்றவன் அரைப்பண்டிதன் என்பது வழக்கு. அவ்வெட்டனுள் ஒன்றான திருவரங்கத்தந்தாதி யமகத்தால் அமைந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) திரிசிராமலை யமகவந்தாதி இயற்றினார். திருச்சிராப்பள்ளியில் இரந்துண்டு திரிந்த பரதேசி ஒருவரைப் பின்தொடர்ந்து, பணிவிடை செய்து, அவர் தண்டியலங்காரம் பாடங்கேட்ட செய்தியை உ.வே.சாமிநாதையர் எழுதிய வரலாறு பதிவுசெய்கிறது.

யமகம் எனினும் மடக்கு எனினும் ஒன்றே. ஒரே எழுத்துத்தொடர் மீண்டும் மீண்டும் வந்து வெவ்வேறு பொருள் தருவது அது. யமக அந்தாதியில் நான்கு அடிகளின் தொடக்கமும் ஒன்றுபோல் ஒலிக்கும். பிரிக்கும் இடம் மாறினாலன்றிப் பல பாடல்களில் பொருள் புலப்படாது.

வேங்கை: ஒரு சான்று

நன்னூல் கூறும் பொதுமொழிக்கு ‘எட்டு’, ‘தாமரை’, ‘வேங்கை’ ஆகியன காட்டப்படுவதுண்டு. பிரியாது நிற்கும் ‘வேங்கை’ மரத்தையும் புலியையும் குறிக்கும் பலபொருள் ஒருசொல். ‘வேம் + கை’ எனப் பிரித்தால் வேகின்ற கை எனப் பொருள்படும். இங்கே இரு விதிகள் செயற்படுகின்றன. ‘வேகும்’ என்னும் செய்யும் வாய்பாட்டுப் பெயரெச்சம் ஈற்றயல் உயிர்மெய் கெட்டு ‘வேம்’ ஆகிறது; மகர ஈறு வருமொழிக் ககரத்துக்கு இனமான ஙகரமாகத் திரிகிறது. எச்சவியலும் புணர்ச்சியும் அறியாதவர் மூன்றாம் பொருளை எட்ட இயலாது.

தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி எனப் பகுப்பதன் அடிப்படையும் இதுவே. மரமும் புலியும் ஒருங்கே தோன்றின் செம்மொழி. புலியும் வேகும் கையும் தோன்றின் பிரிமொழி. ஒருமுறை வந்து பல பொருள் தருவது சிலேடை. ஒவ்வொரு முறையும் வேறு பொருளில் மீள வருவது மடக்கு. ‘வேங்கை நிழலில் வேங்கை உறங்கியது’ என்னும் எளிய தொடரே இவ்வேறுபாட்டை உணர்த்தப் போதும்.

பயிற்றுமுறை

மடக்குப் பாடல் ஒன்றைக் கற்பிக்கையில் சொற்களைப் பிரித்தல், இலக்கணக்குறிப்பு எழுதுதல், பொருள் கூறுதல், அணியின் பெயர் சுட்டல் என்னும் வரிசை பொருத்தமானது. வகுப்பறைகளில் அணியின் பெயரே முதலில் வழங்கப்படுவதால் மாணவர் தேடவேண்டிய விடை முன்னரே கிடைத்துவிடுகிறது. பெயர் இறுதியில் வரின், அது மாணவர் தாமே கண்டறிந்த ஒன்றுக்குரிய பெயராக அமையும்.

யமகம் கவித்துவத்தை நெருக்கும் சொல்விளையாட்டு என்னும் கருத்து புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் பாடப்பொருளாக அதன் பயன் வேறு: இலக்கணப் பிழை நேர்ந்தால் பொருளும் உடனே பிழைபடுவதால், மாணவர் தம் விடையைத் தாமே சோதித்துக்கொள்ள முடிகிறது. தன்மையணி போன்ற பொருளணிகளுக்கு இம்முறை அவ்வளவாக உதவாது. அங்கு காட்சியும் சூழலுமே முதன்மை பெறும்.

முடிவுரை

மடக்கும் பிரிமொழிச் சிலேடையும் புணர்ச்சி, எச்சம், தொகை ஆகியவற்றைச் செய்யுளிலேயே பயிலும் களங்களாகும். நன்னூல் தாளின் இறுதியில் யமகச் செய்யுள் சிலவற்றையேனும் சேர்த்துப் பயிற்றினால், இலக்கணம் தேர்வுக்குரிய வரையறையாகச் சுருங்காமல் படிப்பதற்குரிய கருவியாகும்.