படவேட்டிலிருந்து சென்னைக்கு: குழந்தைகளோடு ஸ்டைலாக ஒரு மூன்று நாள் டூர்!

ஆடி வெள்ளிக்கிழமைகளில் படவேட்டுக்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. வெளியூர் வேனிலிருந்து ஒரு குடும்பம் இறங்கும். ரேணுகாம்பாள் சந்நிதி வரிசையில் இரண்டு மணி நேரம். அடுத்து யோக ராமர், லட்சுமி நரசிம்மர், முடிந்தால் செண்பகத்தோப்பு அணை. எல்லாவற்றையும் ஒரே வெயிலில் பார்த்துவிட வேண்டும் என்று அப்பா முன்னால் நடப்பார். பின்னால் புதுப் பட்டுப்பாவாடையில் வரும் சின்னப் பெண், 'இனிமே நடக்க மாட்டேன்' என்று மண்ணிலேயே உட்கார்ந்துவிடும். பார்க்கிற உள்ளூர்க்காரர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மே மாதம் சென்னைக்குப் போகும்போது படவேட்டுக் குடும்பங்களும் அதையேதான் செய்கின்றன. ஒரே நாளில் வண்டலூர், மெரினா, மால், தி.நகர். ராத்திரி லாட்ஜுக்குத் திரும்பும்போது பையன் அப்பா தோளில் தூங்குகிறான், அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது, ஆயா யாரோடும் பேசுவதில்லை. வாழைத்தார் விற்ற காசில் வருஷம் முழுக்க ஒதுக்கி வைத்த பணம் இப்படிக் கரைகிறது.

அப்பா, அம்மா, ஆயா, பன்னிரண்டு வயசுப் பெண், ஏழு வயசுப் பையன் என்று ஐந்து பேர் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். இவர்களுக்கு ஸ்டைலான டூர் என்றால் விலை உயர்ந்த ஹோட்டல் இல்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம். மீதி நேரம் ஓய்வு, சாப்பாடு, வேடிக்கை. அவ்வளவுதான்.

எந்தக் கிழமை கிளம்பலாம்?

பலரும் யோசிக்காத விஷயம் இதுதான். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் செவ்வாய். பெரம்பூர் பக்கம் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்கும் மெரினா கலங்கரை விளக்கத்துக்கும் திங்கள். சனி, ஞாயிறில் எல்லாமே திறந்திருக்கும், ஆனால் நிற்க இடமிருக்காது. ஆகவே புதன் காலையில் கிளம்பி, வியாழன் முழுக்கச் சுற்றி, வெள்ளி மதியம் திரும்புவதுதான் கணக்குக்குச் சரியாக வருகிறது. கோடை விடுமுறையில் இந்த நாட்களைச் சில சமயம் மாற்றுவார்கள் என்பதால், முந்தின நாள் ஒருமுறை போனில் பார்த்துக்கொள்வது நல்லது.

போவதற்கு பஸ், ரயில் இரண்டுமே உண்டு. காட்பாடி போய் ரயிலேறினால் சென்ட்ரலுக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம். பிள்ளைகளுக்கு ஜன்னலோர ரயில் பயணமே பாதி டூர். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் தொடங்குகிறது. மே மாதப் பயணத்துக்கு மார்ச்சிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். ஐந்து வயதுக்குள் டிக்கெட் கிடையாது. அதற்கு மேல் தனி இருக்கையோ படுக்கையோ வேண்டுமென்றால் முழுக் கட்டணம்தான்.

பஸ் என்றால் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'கோயம்பேடா, கிளாம்பாக்கமா?' கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பரில் திறந்ததிலிருந்து இந்தக் குழப்பம் தீரவில்லை. ஊருக்கு வெளியே அங்கே இறங்கிவிட்டு, பெட்டியும் தூங்கும் பையனுமாக நகரத்துக்குள் வருவது தனிப் பயணம்.

தங்குவதற்கு எழும்பூர் வசதி. சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன். கோயம்பேட்டிலிருந்து வந்தாலும் அதே மெட்ரோ வழிதான். 90 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு மெட்ரோவில் டிக்கெட் இல்லை. லாட்ஜ் அறை முதல் மாடியில் இருக்கிறதா, லிஃப்ட் உண்டா என்று ஆயாவுக்காக முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஏ.சி. அறை ஆடம்பரம் இல்லையா என்றால், கத்திரி வெயிலில் இல்லை. மதியம் 12 முதல் 4 வரை பிள்ளைகள் தூங்க அந்த அறைதான் வேண்டும்.

ஊரில் நின்ற ராமர், உட்கார்ந்த ராமர்

புதன் மாலையை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். 1851-ல் தொடங்கியது. பையனுக்குத் திமிங்கல எலும்புக்கூடு போதும், அங்கேயே நின்றுவிடுவான். பெண்ணை வெண்கலச் சிலைகள் இருக்கும் பகுதிக்குக் கூட்டிப் போக வேண்டும். பருத்தியூரிலிருந்து வந்த சோழர் கால ராமர் அங்கே நிற்கிறார், வில் பிடிக்கும் பாவனையில் கையை உயர்த்தியபடி. படவேட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ராமர் வில்லில்லாமல் யோகத்தில் உட்கார்ந்தவர், எதிரே அனுமன் சுவடி வாசிக்கிறார். 'நம்மூரு ராமர் ஏம்மா உட்கார்ந்திருக்காரு?' என்று அவளே கேட்பாள். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆயாவிடம் கதை இருக்கும். இந்த ஒரு கேள்விக்காகவே அங்கே போகலாம். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால் மூன்றரைக்குள் உள்ளே இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை வண்டலூர். எழும்பூரிலிருந்து மின்சார ரயில் நேராகப் போகிறது. பூங்கா 602 ஹெக்டேர், நடந்து தீர்க்கிற இடமில்லை. காலையில் திறந்தவுடன் போய், பேட்டரி வண்டிக்கு முதலில் டிக்கெட் வாங்கிவிட வேண்டும். புலியையும் யானையையும் பார்த்தாயிற்றா, மதியத்துக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். மிச்சத்தைப் பார்க்கவில்லையே என்ற வருத்தம் அப்பாவுக்குத்தான் இருக்கும், பையனுக்கு இருக்காது.

அன்று மாலை மட்டும் மால். ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ பக்கத்தில்தான். நகரும் படிக்கட்டில் முதல்முறை ஏறும் ஆயாவின் புடவை மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு, லிஃப்டே மேல். வாங்குவதற்கு ஆளுக்கொரு தொகை என்று வீட்டிலேயே பேசி முடித்து, பெண் கையில் அவள் பங்கைக் கொடுத்துவிடலாம். அப்புறம் என்ன வாங்கினாலும் கேள்வி கேட்கக் கூடாது. ராத்திரிச் சாப்பாட்டை ஒரு நல்ல ஏ.சி. ஹோட்டலில் வைத்து, மெனு கார்டைப் பிள்ளைகளிடமே நீட்டலாம். மூன்று நாளில் இப்படி ஒரு சாப்பாடு போதும்.

வெள்ளி காலை, வெயில் ஏறுமுன் மெரினா. அலையில் குளிக்கக் கூடாது, கால் நனைப்பதோடு சரி. புது ஷூவுக்கு மணலில் வேலையில்லை. புது ஷூவை டூருக்கென்று எடுத்து வைப்பதே தப்பு. ஒரு வாரம் முன்னால் ஊரிலேயே போட்டுப் பழகவில்லையென்றால் முதல் நாளே கொப்புளம்.

கூட்டத்தில் கை நழுவினால் என்ன செய்வது என்பதைக் கிளம்புமுன்பே பேச வேண்டும். அப்பாவின் போன் நம்பர் எழுதிய சீட்டு பையனின் உள்பாக்கெட்டில் இருக்கட்டும், நம்பர் மனப்பாடமாகவும் இருக்கட்டும். காணாமல் போனால் தேடி ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், போலீஸ்காரரிடமோ கடைக்காரரிடமோ சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவிக்கு 1098.

மதியச் சாப்பாடு முடிந்ததும் பஸ்ஸையோ ரயிலையோ பிடித்துவிட வேண்டும். சந்தவாசலில் இறங்கும்போது படவேட்டு டவுன் பஸ் போய்விட்டிருந்தால், தூங்குகிற பையனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்குப் பேரம் பேசும் வேலை அப்பாவுக்கு மிச்சமிருக்கும்.