கம்பி ஏறாத மலையில் இணையம்

இலங்கையில் 1995இல் இணையச் சேவை விற்பனைக்கு வந்தபோது, அதற்கு முதல் தேவை தொலைபேசிக் கம்பி. பதுளை நகரக் கடைகளில் அது இருந்தது. பசறை, நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களுக்கு எட்டவில்லை. தோட்டத்தில் அலுவலகத்திலும் துரை பங்களாவிலும்தான் தொலைபேசி இருந்தது.

டயல்-அப் மோடம் கணினித் தரவை ஒலியாக்கி அந்தக் கம்பியில் அனுப்பும். இணையும்போது கேட்ட கீச்சொலி அதுதான். உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட். ஒரு மெகாபைட் இறங்க இரண்டரை நிமிடமாவது பிடிக்கும்.

லினக்ஸ் இயங்குதளம் பாவித்தவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. மலிவான உள்மோடம்கள் பாதி வேலையை விண்டோஸ் மென்பொருளின் தலையில் கட்டியிருந்தன. லினக்ஸில் அவற்றில் பல அசையவே அசையாது. சீரியல் போர்ட்டில் செருகும் வெளிமோடம்தான் கைகொடுத்தது. 'டபிள்யூவிடயல்' என்ற நிரல் மோடத்தைத் தானே தேடிப் பிடிக்கும். அதன் கோப்பில் சேவை எண், பயனர்பெயர், கடவுச்சொல் என மூன்று வரிகளை நிரப்பிவிட்டால் டயல் செய்து இணைத்துவிடும். 

கம்பி எட்டாதவர்களுக்காக அயல் மாகாணத்துக் கொத்மலை சமூக வானொலி 1999 வாக்கில் வேறு வழி கண்டது: நேயர் கேட்டதை அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, ஒலிபரப்பிலேயே விளக்கினார்.

பின்னர் சிடிஎம்ஏ கம்பியில்லாத் தொலைபேசி மலையேறியது. அதை யுஎஸ்பி வடத்தால் கணினியில் இணைத்தபோது அதுவே மோடமானது. லினக்ஸில் அதே டபிள்யூவிடயல், அதே கோப்பு. எண் மட்டும் #777. சிக்னல் நன்றாயிருந்தால் நொடிக்கு 153 கிலோபிட் வரை கிடைத்தது. மலை மறைத்தால் அன்டெனாவைக் கூரைக்கு ஏற்ற வேண்டியிருந்தது.